வட்டு போன பிறகு வந்த பச்சைக் குறி

பென் டிரைவைப் பிடுங்குவதற்கு முன் கொம்பியூட்டருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பிடுங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யாரும் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை. பதினாறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அவசரத்தில் வெடுக்கென்று இழுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவேன். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. நாம் இப்படித்தான் பிடுங்குவோம் என்று முன்கூட்டியே எதிர்பார்த்து, முகம் தெரியாத யாரோ ஒருவர் உள்ளே வேலையை ஒழுங்காகச் செய்து வைத்திருக்கிறார். என் தொழிலும் அதுதான். நான் ஒழுங்காகச் செய்யவில்லை.

நேற்று பொலிஸ் நிலையத்தில் நீங்கள் என்னைச் சிங்களத்தில் விசாரித்தீர்கள். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், கண்டியில் பிறந்து வளர்ந்தவன். ஆனாலும் வாக்குமூலத்தைத் தமிழில் என் கைப்படவே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். இன்னொரு மொழியில் சொன்னால் எனக்குத் தோதான சொற்களைப் பொறுக்கிக்கொள்வேன் என்று பயமாக இருந்தது. மூன்று வருடமாக அதைத்தான் செய்துவந்திருக்கிறேன்.

பெயர் கந்தையா கிருஷாந். வயது முப்பத்தொன்பது. பேராதனை வீதியில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை. உரிமையாளர் நஸீப். என்னோடு சேர்த்து ஏழு பேர். அதில் டிரைவர் என்கிற அடித்தளப் புரோகிராமை எழுதுகிறவன் நான் ஒருவன்தான். மற்ற ஆறு பேருக்கும் நான் எழுதுவதைப் படித்துப் பார்க்கத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்கிறேன். அந்த நாளில் இதுதான் எனக்குப் பெரிய பெருமை.

எங்கள் நிறுவனம் விற்கும் பொருளை விளங்கிக்கொண்டால்தான் மற்றது விளங்கும். ஒரு மெடிக்கல் சென்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு கொம்பியூட்டர் இருக்கும். நோயாளிகளின் விபரம் எல்லாம் ஹார்ட் டிஸ்க் என்கிற ஒரு வட்டில் பதிவாகும். அந்த வட்டு மேசையில் இல்லை, பின்னறையில் உள்ள ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. ஆனால் மேசையில் இருக்கும் கொம்பியூட்டர், அது தன் வயிற்றுக்குள்ளேயே இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். மெய்நிகர் வட்டு என்பார்கள். அப்படி நம்பவைக்கும் வேலையைச் செய்வது என் டிரைவர். அது கொம்பியூட்டரின் ஆக அடித்தளத்தில் ஓடும். அங்கேயிருந்து ‘எழுதிவிட்டேன்’ என்று ஒரு பதில் வந்தால், மேலே உள்ள எல்லா புரோகிராமும் அதை அப்படியே நம்பும். திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை.

பின்னறைப் பெட்டி திடீரென்று நின்றுபோனால் என்ன செய்வது? எங்கள் தொழிலில் இதற்குத் திடீர் அகற்றல் என்று பெயர். இதற்கான விதி பழையது, தெளிவானது. வட்டு போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே புதிய வேலைகளை ஏற்க மறுக்க வேண்டும். பாதி வழியில் இருக்கும் ஒவ்வொரு எழுத்து வேலைக்கும், அதாவது வட்டில் எழுதச் சொல்லி வந்த ஒவ்வொரு கட்டளைக்கும், ஒன்றையும் விடாமல், ‘நடக்கவில்லை’ என்று பதில் அனுப்ப வேண்டும். எல்லோருக்கும் பதில் போன பிறகுதான் டிரைவர் தன் கடையைக் கட்ட வேண்டும். அவ்வளவுதான் விதி. படிக்க அரை மணித்தியாலம் போதும். பிழையில்லாமல் எழுதுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

என் முதல் டிரைவர் அந்தப் பாதி வழி வேலைகளுக்குப் பதிலே அனுப்பாமல் விட்டுவிட்டது. பதிலுக்குக் காத்துக் காத்து ஸ்கிரீன் இறுகிப்போகும். சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் உயிர் வரும். இந்தக் குறை எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். பெட்டி எப்போதாவது ஒருநாள் நிற்கும், அதற்கு ஏன் அலட்டிக்கொள்வான் என்று இருந்துவிட்டேன்.

பிறகு 2022 வந்தது. அந்த வருடத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஊரையெல்லாம் எழுத்து எழுத்தாகப் பிரித்து, இன்ன எழுத்துக்கு இன்ன நேரம் கரண்ட் இல்லை என்று அட்டவணை போட்டார்கள். ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களுக்கு டீசல் இல்லை. பின்னறைப் பெட்டிகளின் பற்றரிகள் எல்லாம் கிழடு தட்டியவை, கரண்ட் போனால் இரண்டு நிமிடம்தான் தாங்கும். மேசைக் கொம்பியூட்டர்களுக்குத் தனியாகச் சின்னப் பற்றரி உண்டு. அவை கால் மணித்தியாலம் தாங்கும். ஆகவே ஒவ்வொரு நாளும், எங்கள் வாடிக்கையாளர்களின் ஒவ்வொரு மேசையிலும், ஆள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே வட்டு மட்டும் காணாமல் போனது. எப்போதாவது ஒருநாள் என்று நான் ஒதுக்கி வைத்தது, நாளுக்கு இரண்டு தடவை நடந்தது.

ஏச்சு வாங்கினோம். நான் இராப்பகலாக உட்கார்ந்து, பாதி வழி வேலைகளுக்கு விதிப்படி ‘நடக்கவில்லை’ என்று பதில் போகும்படி செய்தேன். அதைச் செய்தபோது நான் நேர்மையான ஆளாகத்தான் இருந்தேன் என்பதையும் பதிந்துகொள்ளுங்கள். ஆனால் மேலே ஓடிய மெடிக்கல் சென்டர் புரோகிராம் வேறு யாரோ என்றைக்கோ எழுதியது. ‘நடக்கவில்லை’ என்ற பதிலை அது வாழ்நாளில் கேட்டதில்லை. கேட்ட உடனே அப்படியே மூடிக்கொண்டது.

நஸீப் என் மேசைக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபப்படுகிற மனிதர் அல்ல.

“மச்சான், முந்தி ஸ்கிரீன் இறுகிட்டுன்னு ஏசினாங்க. இப்ப ஸ்கிரீனே இல்லன்னு ஏசுறாங்க. ரெண்டு பேர் பெட்டிய திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க. திங்கக்கிழமைக்குள்ள என்னத்தையாவது செஞ்சி தாங்க.”

நான் யோசித்த வழி மோசமான வழி அல்ல. வட்டு போனதும் ‘எழுதிவிட்டேன்’ என்று சொல்லிவிடுவது. எழுத வேண்டியதைக் கொம்பியூட்டரிலேயே பத்திரமாக ஒரு பக்கத்தில் வைத்துக்கொள்வது. கரண்ட் வந்து பெட்டி எழும்பியதும் அதை வட்டில் எழுதிவிடுவது. பெரிய நிறுவனங்களிலும் இப்படிச் செய்கிறார்கள். இதில் இரண்டு பாதி இருக்கிறது. முதல் பாதிக்கு ஒரு வரி போதும். ‘நடக்கவில்லை’ என்பதைக் குறிக்கும் நீளமான எண்ணை அழித்துவிட்டு அந்த இடத்தில் பூச்சியம் போட வேண்டும். பூச்சியம் என்றால் எல்லாம் சரி என்று அர்த்தம். இரண்டாவது பாதிக்கு ஆறு கிழமை, ஒன்றரை மாதமாவது வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் முதல் பாதியைச் செய்தேன். பக்கத்தில் ‘தற்காலிகம், மிச்சம் பிறகு’ என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தேன். திங்கட்கிழமை எல்லோருடைய கொம்பியூட்டருக்கும் அனுப்பினோம். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒருவரும் ஏசவில்லை. நஸீப் எல்லோருக்கும் புரியாணி வாங்கித் தந்தார். நானும் வாய் கூசாமல் சாப்பிட்டேன்.

தபால்காரர் ஒருவர் வீடு பூட்டியிருப்பதைக் கண்டும், கடிதம் கொடுத்தாயிற்று என்று தானே கையெழுத்து வைத்துவிட்டு, கடிதத்தைச் சாக்கடைக் கான் ஓரத்தில் வீசிவிட்டுப் போவதை நினைத்துப் பாருங்கள். என் டிரைவர் ஏப்ரல் மாதத்திலிருந்து அந்த வேலையைத்தான் செய்தது.

இரண்டாவது பாதியை நான் எழுதவில்லை. நேரம் இல்லை என்று நஸீபிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் யாரும் கேட்காததால் எழுதவில்லை.

தெல்தெனியவில் எங்கள் வாடிக்கையாளர் ஒரு தனியார் மெடிக்கல் சென்டர். வரவேற்பு மேசையில் பர்ஹானா என்று ஒரு பிள்ளை இருந்தாள். மடவளையைச் சேர்ந்தவள், அப்போது இருபத்துமூன்று வயது. வாப்பா பஸாரில் தையல்காரர். நான் புதிய டிரைவரைப் போட்டுக் காட்டப் போனபோது அவள் என்னிடம் ஒரு கட்டுக் கடதாசியைக் காட்டினாள். அந்த நாளில் கடதாசித் தட்டுப்பாடு. பள்ளிக்கூடப் பரீட்சைகூடத் தள்ளிப்போன காலம். நோயாளி சொல்லும் விபரங்களைப் பென்சிலால் எழுதி, கொம்பியூட்டரில் ஏற்றி, பிறகு அழிறப்பரால் அழித்துவிட்டு அதே தாளில் அடுத்தவருக்கு எழுதினார்கள். தாள்கள் துணி மாதிரித் தொய்ந்து போயிருந்தன.

“சேர், கரண்ட் போற நேரத்தில சேவ் பண்ணினா, இத அழிக்கலாமா? இல்லாட்டி வெச்சிக்கொள்ளணுமா?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை எங்கள் நிறுவனத்தில் படித்துப் பட்டம் வாங்கிய ஆறு பேரில் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. தையல்காரரின் மகள் கேட்டாள். ‘வெச்சிருங்கோ’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்த வாக்குமூலமே இல்லை. நான் ஸ்கிரீனைக் காட்டி, “பச்சைக் குறி வந்தால் தைரியமா அழியுங்கோ தங்கச்சி. பச்சை வந்தால் அது உள்ளுக்குப் போன மாதிரித்தான்” என்றேன். அவள் அதை மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தாள்.

மே மாதம் மூன்று இடங்களிலிருந்து போன் வந்தது. ஏற்றிய பதிவு ஒன்று காணோம் என்றார்கள். நான் மூன்று பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: ‘சேவ் அழுத்தினது நல்ல ஞாபகமா?’ மூன்று பேரும், மறந்திருப்போம் போல என்றார்கள். இரண்டு பேர் என்னிடம் மன்னிப்பும் கேட்டார்கள். மனிதர்கள் எவ்வளவு சுலபமாகத் தங்கள் ஞாபகத்தை விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். அதைக் கண்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்த வரியை எழுதும்போது வெட்கம் பிடுங்கித் தின்கிறது, ஆனால் அன்றைக்கு இருந்தது நிம்மதிதான்.

ஜூன் பதினாறாம் திகதி றஞ்சனா என்ற பெண் தெல்தெனிய சென்டருக்கு வந்தார். மேலே ஒரு தோட்டத்தில் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்தவர், நாற்பத்து நான்கு வயது. கூட அவருடைய மகள். காலில் புண். அம்மாவுக்குப் பெனிசிலின் ஊசி ஒத்துக்கொள்ளாது, ஒருமுறை போட்டுச் சாகப் போனவர் என்று மகள் சொன்னாள். பர்ஹானா பென்சிலால் எழுதினாள். அதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை, பர்ஹானாவே ஒத்துக்கொண்டது. காலை பத்து நாற்பதுக்குக் கரண்ட் போனது. அவள் ஸ்கிரீன் அணைவதற்குள் ஏற்றி முடிக்கப் பார்த்தாள்.

ஜூலை ஐந்தாம் திகதி றஞ்சனா கடும் காய்ச்சலோடு திரும்ப வந்தார். அன்றைக்கு மகள் இல்லை, பெற்றோல் வரிசையில் நின்ற ஒரு த்ரீவீலரைக் கெஞ்சிப் பிடித்து மச்சான் முறையான ஒருவர் கொண்டுவந்து சேர்த்தார். றஞ்சனாவுக்குப் பேச முடியவில்லை. வேறொரு டொக்டர். அவர் ஸ்கிரீனைப் பார்த்தார். ஒவ்வாமை என்ற இடம் வெறுமையாக இருந்தது. பெனிசிலின் ஊசி போட்டார். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் தேடினார்கள், வாகனம் இருந்தது, பெற்றோல் இல்லை. பெற்றோல் தேடிப் பிடித்துப் புறப்பட்டு, வழியில் கெங்கல்லைக்கு வருவதற்குள் உயிர் போய்விட்டது.

பெற்றோல் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். மூன்று வருடம் வரைக்கும் இந்தச் சமாதானம் தாங்கியது.

சென்டரின் விசாரணையில் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பர்ஹானா சேவ் அழுத்தினாளா, இல்லையா. அழுத்தினேன், பச்சைக் குறி வந்தது, அதனால்தான் தாளை அழித்தேன் என்றாள். அழித்த தாளில் அதற்குப் பிறகு ஒன்பது பேருடைய பெயர் எழுதி அழித்தாயிற்று. கொம்பியூட்டர்க்காரர்களிடம் கேட்போம் என்று தீர்மானித்தார்கள். நஸீப் என்னை அனுப்பினார்.

பர்ஹானாவின் மேசையில், அவளுடைய கதிரையில் உட்கார்ந்து நான் டிரைவரின் பதிவேட்டைத் திறந்தேன். டிரைவர் தான் செய்த ஒவ்வொரு வேலையையும் நேரத்தோடு குறித்து வைக்கும். பிழை தேடுவதற்காக நானே வைத்த ஏற்பாடு. ஜூன் பதினாறு, பத்து நாற்பத்திரண்டு. நான்கு எழுத்து வேலைகள் பாதி வழியில். வட்டு இல்லை. நான்குக்கும் பதில்: பூச்சியம். மூன்றாவது வேலையில் பெனிசிலின் என்ற சொல் ஆங்கிலத்தில் தெரிந்தது. பர்ஹானா சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அவள் அழுத்தினாள். பச்சைக் குறி வந்தது. வரவைத்தது நான்.

அவள் வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பதிவேட்டை என் மடிக்கணினிக்கு எடுத்துக்கொண்டு அங்கே இருந்ததை அழித்தேன். அவள் கண்முன்னால்தான் அழித்தேன். என்ன செய்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

பிறகு நிறுவனக் கடிதத்தாளில் ஒரு அறிக்கை எழுதிக் கொடுத்தேன். ‘எமது முறைமையில் சேமிக்கப்பட்ட பதிவு அழிந்துபோவதில்லை. பதிவு காணப்படாதவிடத்து, அது சேமிக்கப்படவில்லை என்றே கொள்ள வேண்டும்.’ இதில் ஒரு வரிகூட அவளைக் குற்றம் சொல்லவில்லை என்று எனக்கு ஒரு திருப்தி. அவள் பெயரே அதில் இல்லை. அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பொலிசில் முறைப்பாடு போனது. கவனயீனத்தால் மரணம் விளைவித்ததாக வழக்கு வந்தது. நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வீட்டார் தட்டிக்கழித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் ஆறு கிழமை தலைநிமிராமல் வேலை செய்தேன். திடீர் அகற்றலை விதிப்படி எழுதினேன். அந்த இரண்டாவது பாதியையும் எழுதினேன். இப்போது வட்டு போனால், எழுத வேண்டியது ஒரு பக்கத்தில் பத்திரமாக இருக்கும். வட்டு வராமலே போனால் புரோகிராம் மூடிக்கொள்ளாமல் சிவப்பு எழுத்தில் சொல்லும். சோதனைக்கு உண்மையான சம்பவம் ஒன்று வேண்டும். பர்ஹானாவின் மேசையிலிருந்து எடுத்து வந்த அந்த நான்கு எழுத்து வேலைகளையே பயன்படுத்தினேன். இருநூறு தடவை அதே நான்கையும் அனுப்பி, அதே இடத்தில் வட்டைப் பிடுங்கி, இருநூறு தடவையும் பெனிசிலின் என்ற சொல் வட்டில் போய்ச் சேர்வதைப் பார்த்தேன். நல்ல வேலை. என் வாழ்க்கையில் நான் எழுதியதில் ஆகச் சிறந்தது அதுதான். வேகம் கூட்டிய புதிய பதிப்பு என்று சொல்லி எல்லோருக்கும் அனுப்பினோம். பழைய பிழையின் தடயம் ஒருவரிடமும் இல்லாமல் போனது.

நவம்பரில் பர்ஹானா என்னைத் தேடி ஒபிசுக்கு வந்தாள். வாப்பா கீழே துணிக்கடை வாசலில் நின்றார், மேலே வரவில்லை. அவளுக்கு என் அறையில் ஒரு கதிரை போட்டு, தேத்தண்ணீர் வரவழைத்தேன். மெலிந்து போயிருந்தாள்.

“சேர், ஒங்களோட சண்ட பிடிக்க வரல்ல. ஒண்டே ஒண்டு கேக்கணும். நான் சேவ் அமுக்கினனா இல்லயா? எனக்கு அமுக்கின மாதிரித்தான் ஈக்கி. ஆனா எல்லாரும் இல்லங்கிறாங்க. எனக்குப் பைத்தியம் புடிச்சிரும் போல ஈக்கி. நீங்க செல்லுங்க சேர். நீங்க என்ன சென்னாலும் நான் நம்புறேன்.”

மேசையில், அவளுக்கும் எனக்கும் நடுவில், என் மடிக்கணினி திறந்துதான் இருந்தது.

நான் கொஞ்சம் யோசிப்பது போல இருந்துவிட்டு அன்பாகச் சொன்னேன்: “தங்கச்சி, வேணுமெண்டு செய்தனீங்கள் இல்லை. அது எனக்கு நல்லாத் தெரியும். அண்டைக்கு எழுதிக்கொண்டிருக்கேக்க, அழுத்தப்போற நேரம் பாத்து மேசைப் போன் அடிச்சிருக்கும். நீங்கள் எழும்பிப் போயிருப்பீங்கள். திரும்பி வந்து, அழுத்தியாச்சு எண்டு நினைச்சுத் தாளை அழிச்சிருப்பீங்கள். இது எல்லாருக்கும் வாறதுதான். எனக்கும் வந்திருக்கு.”

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “போன் அடிச்சீக்கும்” என்றாள். பிறகு, “அப்பிடித்தான் போல சேர்” என்றாள். அழுதாள். அழுது முடித்ததும் அவள் முகம் ஒருவிதமாகத் தெளிந்தது. போகும்போது எனக்கு நன்றி சொன்னாள். இவ்வளவு நாளில் தன்னோடு மனிதனாகப் பேசிய ஆள் நான் ஒருவன்தான் என்றாள்.

இதை வீட்டில் மதனியிடம் சொன்னேன். மதனி என்பது என் மனைவியின் பெயர். சொன்னது இவ்வளவுதான்: அந்தப் பிள்ளை வந்தாள், ஆறுதல் சொல்லி அனுப்பினேன்.

“நல்ல காலம் அப்பா, நீங்களாவது அந்தப் பிள்ளையோட அன்பாக் கதைச்சியள்” என்றாள் மதனி. “குமர்ப்பிள்ளை, ஏதும் செய்துகொண்டாலும் எண்டு நான் பயந்தனான்.”

நான் தொடர்ந்து சாப்பிட்டேன். அவளை ஏதும் செய்துகொள்ளாமல் காப்பாற்றியவன் நான் என்று அன்றைக்கு நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். இதற்கு மேல் கேவலமான எண்ணம் ஒன்று ஒரு மனிதனுக்கு வருமா என்று எனக்குத் தெரியவில்லை.

வழக்கு இழுத்தடித்தது. திகதி திகதியாகத் தள்ளிப் போட்டார்கள். போன மாதம் எங்கள் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எங்களுடைய பழைய அறிக்கையின் பிரதி ஒன்று வேண்டுமாம். வழக்கின் எதிரியான பர்ஹானா தானாகவே குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போவதால் சாட்சிக்கு நாங்கள் வரத் தேவையில்லை என்றும் எழுதியிருந்தது. நஸீப் அதை என் மேசையில் வைத்துவிட்டு, “நல்லதாப் போச்சு, ஒங்களுக்கு கோடு கச்சேரி அலைச்சல் இல்ல” என்றார். நஸீபுக்கு ஒன்றும் தெரியாது. அவரை இதில் இழுக்க வேண்டாம்.

நான் வாஷ்ரூமுக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். குற்றம் செய்யாத ஒருத்தி எழும்பி நின்று குற்றவாளி நான்தான் என்று சொல்லப்போகிறாள். அவளை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. தேத்தண்ணீர் கொடுத்துச் சொல்லவைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மடவளைக்குப் போனேன். பர்ஹானா இப்போது வாப்பாவோடு சேர்ந்து தைக்கிறாள். மெஷினில் பள்ளிக்கூடச் சட்டைகள் குவிந்து கிடந்தன. நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், பூச்சியத்தைப் பற்றி, பதிவேட்டைப் பற்றி, அவள் பார்த்துக்கொண்டிருக்க நான் அழித்ததைப் பற்றி. வாய் குழறவில்லை. மடிக்கணினியைத் திறந்து அந்த நான்கு வரிகளையும் காட்டினேன். “நீங்கள் அழுத்தினீங்கள் தங்கச்சி. பத்து நாற்பத்திரண்டுக்கு அழுத்தினீங்கள். பச்சைக் குறி வந்தது” என்றேன்.

அவள் மெஷினை நிறுத்திவிட்டு நான் சொல்வதை முழுக்கக் கேட்டாள். ஏசுவாள், முகத்தில் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்ன, ஆசைப்பட்டேன்.

“இல்ல சேர்” என்றாள். “நான் அமுக்கல்ல.”

“நீங்கள் அழுத்தினீங்கள்.”

“இல்ல சேர், எனக்கு இப்ப நல்லா ஞாபகம் ஈக்கி. போன் அடிச்சிச்சி. நான் எழும்பிப் போனேன். கதிர பின்னுக்குப் போய் அலுமாரில இடிச்சிச்சி, அந்தச் சத்தமும் ஞாபகம் ஈக்கி. திரும்பி வந்து அழிறப்பர எடுத்தேன். நான் எத்தின நாள் தொழுதுபோட்டு இத நெனச்சிப் பாத்தீக்கிறேன் தெரியுமா? நீங்க நல்ல மனுஷன். எனக்காக ஒங்கட தலைல பழியப் போட்டுக்கொள்ள வாணாம் சேர். அல்லாஹ்வுக்குத் தெரியும்.”

போனில் யார் பேசினார்கள் என்று கேட்டேன். அது மட்டும் ஞாபகம் இல்லை என்றாள்.

நான்கு வரிகளையும் திரும்பக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் இரக்கத்தோடு பார்த்தாள். வாப்பா கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழும்பி வந்து என் தோளில் கை வைத்தார்.

“சேர், புள்ள இப்பதான் ஒரு மாதிரித் தேறி வந்தீக்கிறா. மூணு வருஷமாகிச்சி. இனி இதக் கெளற வாணாம். அவ அல்லாஹ்கிட்ட மன்னிப்புக் கேட்டு தவுபா செஞ்சிட்டா. நீங்க போங்க” என்றார்.

அதன் பிறகுதான் உங்களிடம் வந்தேன். மனச்சாட்சி உறுத்தி வந்ததாக நேற்று நீங்கள் எழுதிக்கொண்டீர்கள், அதை வெட்டிவிடுங்கள். மூன்று வருடம் உறுத்தவில்லை. அவளிடம் சொல்லிவிட்டு, அவள் வாயால் ஏச்சு வாங்கிக்கொண்டு, அதோடு தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவள் என்னை நம்பவில்லை, அதனால் இங்கே வந்தேன். மடிக்கணினியை நேற்றே ஒப்படைத்துவிட்டேன். கடவுச்சொல்லை இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

எதை ஒத்துக்கொள்கிறாய் என்று கேட்டீர்கள். வட்டு இல்லாதபோது இருக்கிறது என்று சொல்லும் டிரைவரை, தெரிந்துகொண்டே வைத்தியசாலை மேசைகளில் ஓடவிட்டேன். மூன்று பேர் முறையிட்ட பிறகும் ஓடவிட்டேன். றஞ்சனா செத்தது அதனால்தான், பெற்றோலால் அல்ல. தடயத்தை அழித்தேன். பொய் அறிக்கை கொடுத்தேன். இவற்றுக்கெல்லாம் உங்கள் சட்டத்தில் பிரிவுகள் இருக்கும். பர்ஹானாவுக்கு நான் செய்ததற்குப் பிரிவு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. இல்லாவிட்டாலும் அதை இங்கே முதலாவதாக எழுதியிருக்க வேண்டும். கடைசிக்கு வைத்துவிட்டேன், அதற்கும் வெட்கப்படுகிறேன்.

வரும் வியாழக்கிழமை அவள் நீதிமன்றத்தில் எழும்பி, தான் அழுத்தவில்லை என்று சொல்லுவாள். போன் அடித்தது என்பாள், கதிரை இடித்தது என்பாள். தடுமாறாமல் சொல்லுவாள். கேட்கிற எவரும் நம்புவார்கள், அவள் பொய் சொல்லத் தெரியாதவள். நீங்கள் நம்ப வேண்டாம். தெல்தெனிய சென்டருக்குப் போய் அந்த மேசைப் போனைப் பாருங்கள், இன்னும் அதே போன்தான் இருக்கிறது. கம்பியில்லாத போன், கரண்டில் வேலை செய்வது. அன்றைக்குக் கரண்ட் போனது பத்து நாற்பதுக்கு, அவள் அழுத்தியது பத்து நாற்பத்திரண்டுக்கு. அவள் அழுத்தும்போது அந்தப் போனுக்கு உயிரே இல்லை. அது அடிக்கவில்லை. நவம்பர் மாதம் ஒருநாள், என் அறையில், அவள் என்னை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, நான்தான் அதை அடிக்க வைத்தேன்.